பயிற்சி முடிந்தும் டிவி மேல் துணி ஏன்?

கேள்வி: தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஆசிரியர் பயிற்றுநராக இருக்கிறேன். 6 முதல் 8 வரை அறிவியல், கணிதம் எடுக்கும் பட்டதாரி ஆசிரியர்கள் 34 பேருக்கு, வகுப்பறையில் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவது பற்றி இரண்டு நாள் பயிற்சி நடத்த வேண்டும். முன்பும் இதே தலைப்பில் நடந்தது. பதினான்கு செயலிகள் காட்டினோம். எல்லாரும் "மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்றே எழுதிக் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பள்ளிப் பார்வைக்குப் போனால் பாதி இடங்களில் டிவி மேல் துணி போர்த்தியிருக்கிறது. ஐம்பதைத் தாண்டிய ஓர் ஆசிரியை, "கெட்டுப்போனா யாருங்க சார் பதில் சொல்றது?" என்றார். வயதுதான் தடையா? பிள்ளைகள் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறார்கள். மலைப்பக்கப் பள்ளிகளில் சிக்னல் கிடையாது. ஏஐ பற்றியும் சேர்த்துச் சொல்லச் சொல்கிறார்கள். எப்படித் திட்டமிடலாம்?

பதில்: அந்த ஆசிரியை கேட்டது நியாயமான கேள்வி. உங்கள் பயிற்சியே அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். டிவி பள்ளிக்கு வந்த அன்றே இருப்புப் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. பதிவேட்டில் ஏறிய பொருள் உடைந்தால் தணிக்கையில் கேள்வி வரும். ஓய்வுக்கு ஐந்தாறு வருடம் மீதமிருப்பவருக்கு, கடைசி நேரத்தில் இது ஒரு பாக்கியாக வந்து நிற்குமோ என்ற பயம் இளையவரைவிடக் கூடுதலாகவே இருக்கும். இதை "வயசானவங்களுக்கு வராது" என்று எடுத்துக்கொண்டால் தவறான நோய்க்கு மருந்து கொடுப்போம்.

முதல் நாளின் முதல் ஒரு மணி நேரத்துக்குத் தலைமையாசிரியர்களையும் அழையுங்கள். அவர்கள் இல்லாமல் இந்தப் பயிற்சி நடந்தால் ரிமோட் பீரோவிலேயே இருக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் மூன்றே விஷயங்களை முடிவு செய்யுங்கள். சாவியும் ரிமோட்டும் யாரிடம் இருக்கும்? பழுதானால் எந்த எண்ணுக்கு, யார் பேசுவது? (உத்தரவாத விவரத்தை எழுதி டிவியின் பின்பக்கத்திலேயே ஒட்டிவிடலாம்.) மூன்றாவது, ஒரு பயன்பாட்டு நோட்டு. தேதி, பாடவேளை, ஆசிரியர் பெயர், கருவி நன்றாக இருந்ததா என்று நான்கு கட்டம் போதும். பாடம் நடத்தும்போது பழுதானது என்று அன்றே எழுதி, தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு யார் கேட்டாலும் காட்ட ஒரு காகிதம் இருக்கிறது. துணியை எடுக்கவைப்பது பெரும்பாலும் இந்த நோட்டுதான்.

அடுத்தது அந்தப் பதினான்கு செயலிகள். செயலியைக் கற்றுக்கொண்டு போகும் ஆசிரியர் பள்ளிக்குத் திரும்பியதும், அதை எந்தப் பாடத்தில் எங்கே பொருத்துவது என்று தேட வேண்டியிருக்கிறது. தேட நேரமில்லை, பாடத்தை முடிக்க வேண்டும், அதனால் விட்டுவிடுகிறார். திசையை மாற்றுங்கள். அவர் அடுத்த வாரம் நடத்தப்போகும் ஒரே ஒரு பாடவேளையை எடுத்துக்கொண்டு, அதற்குள் தொழில்நுட்பம் எந்த எட்டு நிமிடத்துக்குத் தேவை என்று பார்ப்பதுதான் பயிற்சி. 34 பேரும் முதல் நாள் மாலை வீட்டுக்குப் போகும்போது கையில் நடத்தத் தயாராக ஒரு பாடவேளை இருக்க வேண்டும். அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

2006-இல் கல்வி ஆய்வாளர்கள் புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோஹ்லரும் எழுதிய கட்டுரை இதைத்தான் வகைப்படுத்திச் சொல்கிறது. பாட அறிவு, கற்பிக்கும் அறிவு, கருவி அறிவு மூன்றும் தனித்தனியாக இருந்தால் போதாது, மூன்றும் சேரும் இடத்தில்தான் பயன். உங்கள் ஐம்பது வயது ஆசிரியையிடம் முதல் இரண்டும் நிறையவே இருக்கும். எந்தக் கணக்கில் பிள்ளைகள் தவறுவார்கள் என்பது அவருக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். புதிதாக வந்த இளைஞரிடம் மூன்றாவது மட்டும் கூடுதலாக இருக்கலாம். இருவரையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை: இளையவர் வாயால் சொல்லலாம், மற்றவரின் போனைத் தொடக்கூடாது. போனை வாங்கி டக்கென்று செய்து கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததுபோல் தோன்றும், கற்றது ஒன்றும் இருக்காது.

இரண்டு நாளையும் அடுத்தடுத்து வைக்காதீர்கள். முதல் நாளுக்கும் இரண்டாம் நாளுக்கும் நடுவில் மூன்று, நான்கு வாரம் இடைவெளி கேளுங்கள். ஆசிரியர் பயிற்சியைப் பற்றி 1980-களில் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வலியுறுத்திய செய்தி இன்றும் பொருந்துகிறது: விளக்கமும் செயல்விளக்கமும் மட்டும் கொடுத்தால் வகுப்பறைக்குள் போய்ச் சேருவது மிகக் குறைவு, திரும்பிப் போய்ச் செய்துபார்க்கும் நாட்களில் ஒருவர் துணை நின்றால்தான் அது பழக்கமாகிறது. பிரித்து நடத்த அனுமதி கிடைக்காவிட்டால், இரண்டையும் சேர்த்தே நடத்திவிட்டு, அடுத்து வரும் குறுவள மையக் கூட்டத்தில் (பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் கூட்டம்) ஒரு மணி நேரத்தை இதற்கென்று வாங்கிக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்குப் பத்து நாள் முன்பே வாட்ஸ்அப்பில் ஐந்து கேள்வி அனுப்புங்கள். "இணைய வசதி உண்டா?" என்று கேட்டால் எல்லாரும் "உண்டு" என்றுதான் போடுவார்கள். அதனால் இப்படிக் கேளுங்கள்: நாளை காலை 11 மணிக்கு உங்கள் வகுப்பறைக்குள் நின்று போனில் ஒரு காணொளியை ஓடவிடுங்கள், நிற்காமல் ஓடியதா? டிவியின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். கரும்பலகைக்கும் ஸ்விட்ச் போர்டுக்கும் எத்தனை அடி? வெளிச்சம் எந்தப் பக்க ஜன்னலிலிருந்து விழுகிறது? பயிற்சி முடிந்த அடுத்த வாரம் எந்த வகுப்புக்கு எந்தப் பாடம் எடுப்பீர்கள், அதில் பிள்ளைகளுக்கு எது புரிவதில்லை? கடைசிக் கேள்விதான் முக்கியம். அந்தப் பதில்களை வைத்துத்தான் குழு பிரிக்க வேண்டும். பள்ளி வாரியாகவோ வந்த வரிசையிலோ பிரிக்கக் கூடாது.

ஒரு மாதிரிப் பாடவேளையை நீங்களே நடத்திக் காட்டுங்கள். மின்சுற்று இதற்குப் பொருத்தமான பாடம். பெரும்பாலான பிள்ளைகளின் மனதில், முதல் பல்பு கொஞ்சம் மின்னோட்டத்தைத் "தின்றுவிடும்", மிச்சம்தான் அடுத்த பல்புக்குப் போகும் என்ற எண்ணம் இருக்கும். முதலில் நிஜப் பொருளை எடுங்கள்: 1.5 வோல்ட் பேட்டரி இரண்டு, 2.5 வோல்ட் டார்ச் பல்பு இரண்டு, நான்கைந்து துண்டு ஒயர். தொடரிணைப்பில் இரண்டு பல்பும் மங்கலாக எரியும், ஒன்றைக் கழற்றினால் இரண்டும் அணையும். பக்க இணைப்பில் ஒன்றைக் கழற்றினாலும் மற்றது எரியும். இதற்கு டிவி தேவையே இல்லை. கையால் செய்ய முடிவதைத் திரையில் காட்டுவது பிள்ளைகளுக்கு நஷ்டம்.

சிக்கல் வேறிடத்தில் வருகிறது. கடையில் வாங்கிய இரண்டு பல்பு ஒரே மாதிரி இருக்காது. தொடரிணைப்பில் ஒன்று சற்றுக் கூடுதலாக எரிந்தால், "பாத்தீங்களா, முதல் பல்பு தின்னுடுச்சு" என்று பிள்ளைகள் தங்கள் தவறான எண்ணத்தை உறுதிப்படுத்திக்கொள்வார்கள். (பல்புகளை இடம் மாற்றிப் போட்டுக் காட்டினால் பாதி சந்தேகம் தீரும்.) கண்ணுக்குத் தெரியாத மின்னோட்டத்தைக் காட்டத்தான் திரை வேண்டும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் உருவகங்களில் (திரையிலேயே செய்துபார்க்கும் பாவனைச் சோதனைகள்) நேர்திசை மின்சுற்றுக்கு ஒன்று இருக்கிறது, இலவசம். அதில் தொடர்சுற்று அமைத்து, முதல் பல்புக்கு முன்னால், இரண்டுக்கும் நடுவில், இரண்டாவதுக்குப் பின்னால் என மூன்று இடத்தில் அம்மீட்டரை (மின்னோட்டத்தை அளக்கும் கருவி) வையுங்கள்.

எட்டு நிமிடம் இப்படிப் போகும். முதல் இரண்டு நிமிடம் திரையைக் காட்டாமலே, மூன்று இடத்திலும் அளவு எப்படி இருக்கும் என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுத வேண்டும். அடுத்த நிமிடம், யார் யார் என்ன எழுதினார்கள் என்று கை தூக்கவைத்து எண்ணிக் கரும்பலகையில் போடுங்கள். பிறகு மூன்று நிமிடம் உருவகம்: மூன்று அளவும் ஒன்றுதான் என்று தெரியும். கடைசி இரண்டு நிமிடம், எழுதியது தப்பாகப் போனவர்கள் ஏன் என்று பக்கத்தில் இருப்பவரிடம் பேச வேண்டும். எழுதவைக்காமல் நேராகக் காட்டிவிட்டால், "எனக்கு முன்னாடியே தெரியும்" என்று எல்லாரும் நகர்ந்துவிடுவார்கள், கற்றல் நடக்காது. ஆசிரியர்கள் அவசரத்தில் விட்டுவிடுவதும் எழுதவைக்கும் அந்த முதல் இரண்டு நிமிடத்தைத்தான்.

இன்னொரு பொறி. அந்த உருவகத்தில் திறந்ததும் ஓடுவது எலக்ட்ரான்கள். அவை எதிர்முனையிலிருந்து நேர்முனைக்குப் போகும். பாடப்புத்தகம் மின்னோட்டத்தின் திசையை நேர்முனையிலிருந்து எதிர்முனைக்கு என்கிறது. "புக்குல தப்பா சார்?" என்று ஒரு பிள்ளை கேட்கும். வழக்கத் திசையைக் காட்டும் தேர்வு அதிலேயே இருக்கிறது. முன்கூட்டியே மாற்றிவைக்கலாம், அல்லது எட்டாம் வகுப்பானால் அந்த முரண்பாட்டையே பாடமாக்கலாம். எதுவானாலும் ஆசிரியர் அதைத் தெரிந்துகொண்டு உள்ளே போக வேண்டும்.

கணித ஆசிரியர்களுக்கு உங்கள் ஊரிலேயே பொருள் இருக்கிறது. ராயக்கோட்டை மண்டியில் ஒரு கிரேட் (பெட்டி) தக்காளி என்ன விலை என்று பத்து நாள் பிள்ளைகளே விசாரித்து எழுதட்டும். முதலில் வரைபடத்தாளில் கோட்டு வரைபடம். பிறகு கணினியில் லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருளில் அதே எண்களைப் போட்டு வரையுங்கள். அதன்பின் விலையைக் காட்டும் செங்குத்து அச்சின் தொடக்கத்தைப் பூச்சியத்திலிருந்து தூக்கி, பத்து நாளில் இருந்த மிகக் குறைந்த விலைக்குப் பக்கத்தில் வையுங்கள். சாதாரண ஏற்ற இறக்கம் மலையும் பள்ளமுமாகத் தெரியும். எண்கள் மாறவில்லை, படம் மட்டும் மாறுகிறது. தாளில் இதை ஐந்து முறை வரைய ஒரு பாடவேளை போய்விடும். கணினியில் ஐந்து நொடி. பத்துக் கணினி, முப்பது பிள்ளை என்றால் மூவருக்கு ஒன்று: ஒருவர் தட்டச்சு, ஒருவர் எண்ணை வாசித்துச் சரிபார்ப்பது, ஒருவர் நோட்டில் எழுதுவது. ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். மாற்றாவிட்டால் கடைசிவரை ஒரே பையன்தான் விசைப்பலகையில் இருப்பான்.

சிக்னல் இல்லாத பள்ளிகளுக்கு வழி, எல்லாவற்றையும் முன்பே இறக்கி வைத்துக்கொள்வது. தீக்ஷா என்ற அரசுக் கல்விச் செயலியில் பாடப்புத்தகத்தின் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து, ஊருக்குள் சிக்னல் இருக்கும்போதே இறக்கிக்கொள்ளலாம். ஃபெட் உருவகங்களும் ஒரே கோப்பாக இறங்கும், இணையம் இல்லாமல் கணினியின் பிரவுசரில் ஓடும். ஆனால் அந்தக் கோப்பைப் பென்டிரைவில் போட்டு டிவியில் செருகினால் பெரும்பாலும் ஓடாது. பெரும்பாலான டிவிகள் பென்டிரைவிலிருந்து காணொளி, படம், பாட்டு ஆகியவற்றைத்தான் எடுக்கும். பவர்பாயிண்ட் கோப்பும் பல டிவிகளில் திறக்காது. ஸ்லைடுகளைப் படங்களாகச் சேமித்துக் கொண்டுபோகச் சொல்லுங்கள். பென்டிரைவ் ஃபேட்32 வடிவத்தில் இருந்தால் பழைய டிவியும் படிக்கும், ஆனால் அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது.

போனை டிவியில் இணைப்பதில்தான் பயிற்சி நாட்கள் வீணாகின்றன. சி-வகைத் துளை இருக்கிற எல்லாப் போனிலிருந்தும் கேபிள் வழியாகப் படம் வராது. குறைந்த விலைப் போன்களில் பெரும்பாலும் அந்த வசதி இல்லை. ஐநூறு ரூபாய்க்கு மாற்றி வாங்கிவந்து ஏமாறுவார்கள். லேப்டாப்பிலிருந்து ஹெச்டிஎம்ஐ கேபிள்தான் நம்பத்தக்கது, பதினைந்து அடி நீளமானது வாங்குங்கள். பழைய விஜிஏ கேபிள் என்றால் படம் மட்டும் வரும், ஒலிக்குத் தனி ஒயர் வேண்டும். "சவுண்ட் வரலை" என்ற புகாரில் பாதி இதுதான்.

திரையின் அளவையும் கணக்கிடுங்கள். 43 அங்குல டிவியின் திரை உயரம் 53 செ.மீ. எழுத்தைச் சிரமமில்லாமல் வாசிக்க அந்த உயரத்தைப்போல் ஆறு மடங்கு தூரம் என்று வைத்தால் பத்தரை அடிதான். இருபது அடி அறையில் கடைசி பெஞ்சுக்கு பாடப்புத்தகப் பக்கம் வெறும் பூச்சி எறும்பாகத் தெரியும். அந்த எட்டு நிமிடத்துக்குப் பிள்ளைகளை முன்னால் தரையில் உட்காரவைப்பதே எளிய தீர்வு. ஜன்னலுக்கு நேர் எதிரே டிவி இருந்தால் இடத்தை மாற்றச் சொல்லுங்கள். ஜன்னலுக்குத் திரைச்சீலை போடுவது அதற்குப் பிறகு.

மொழிப் பிரச்சினைக்கு ஒரு சின்ன உத்தி: காணொளியின் ஒலியை அணைத்துவிடுங்கள். வீட்டில் கன்னடம் பேசும் பிள்ளைக்கு, வேகமாக ஓடும் எழுத்துத்தமிழ் வர்ணனை பிடிபடாது. தமிழக அரசின் மணற்கேணி செயலியிலோ தீக்ஷாவிலோ இருக்கும் நல்ல அசைபடத்தை எடுத்துக்கொண்டு, ஆசிரியரே தன் குரலில், நிறுத்தி நிறுத்தி, தேவையான இடத்தில் தெலுங்கிலோ கன்னடத்திலோ ஒரு சொல் சேர்த்துப் பேசட்டும். மூன்று நிமிடப் படத்தில் எங்கெங்கே நிறுத்துவது, என்ன கேட்பது என்று பாடக்குறிப்பில் நிமிடம், நொடியோடு முன்பே எழுதியிருக்க வேண்டும். நிறுத்தாமல் ஓடும் காணொளி சினிமாதான்.

முதல் நாளில் கடவுச்சொல் கேட்கும் எதையும் வைக்காதீர்கள். 34 பேரில் பத்துப் பேருக்குக் கூகுள் கடவுச்சொல் மறந்திருக்கும். ஓடிபி பெங்களூரில் வேலை செய்யும் மகனின் எண்ணுக்குப் போகும். ஒரு மணி நேரம் அதிலேயே கரைந்துவிடும். அதேபோல, மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்றைக்கு இருக்கிறதா என்று தேதி குறிக்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கோப்புகளை ஒருங்குறி (யூனிகோட்) தமிழில் மட்டும் கேளுங்கள். வானவில், பாமினி எழுத்துருவில் அடித்த வினாத்தாள் வேறு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் வரும்.

முதல் நாள் பிற்பகல் முழுக்க நுண்பயிற்சிக்கு. நான்கு அறை, அறைக்கு எட்டு அல்லது ஒன்பது பேர். ஒவ்வொருவருக்கும் எட்டு நிமிடம் நடத்த, நான்கு நிமிடம் பேச. ஒன்பது பேருக்கு 108 நிமிடம் ஆகும். தேநீரோடு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கேட்பவர்கள் பாராட்டோ குறையோ சொல்ல வேண்டாம். இரண்டு கேள்விக்கு மட்டும் பதில்: திரை இல்லாமல் இதையே சொல்லியிருக்க முடியுமா? பிள்ளை எந்த இடத்தில் யோசிக்கும்? முதல் கேள்விக்கு "முடியும்" என்று வந்தால் அந்த எட்டு நிமிடத்தைத் தூக்கிவிட வேண்டியதுதான். கரண்ட் போனால் என்ன செய்வார் என்பதையும் அங்கேயே நடத்திக் காட்டச் சொல்லுங்கள். நடுவில் நீங்களே ஸ்விட்சை அணைத்துவிடலாம். சின்ன யுபிஎஸ் இருந்து பேட்டரி பழசாகாமல் இருந்தால் டிவியைக் கால் மணி நேரம் தாங்கும், எட்டு நிமிடத்துக்கு அது போதும்.

ஏஐ பற்றி இந்த முறை அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அதுவும் வினாக்கள் தயாரிக்க மட்டும். சாட்ஜிபிடியிடம் எட்டாம் வகுப்புக்குப் பத்துக் கேள்வி கேட்டு வாங்கி, அதில் உள்ள பிழைகளைக் குழுவாகக் கண்டுபிடிப்பதையே பயிற்சியாக வையுங்கள். கலைச்சொற்கள் பல சமயம் நம் பாடப்புத்தகத்தில் உள்ளபடி வராது, விடைக்குறிப்பில் தவறும் இருக்கலாம். பாட அறிவு உள்ள மூத்த ஆசிரியர்கள் இதில் இளையவர்களை முந்திவிடுவார்கள். அது அவர்களுக்கு நல்லது. பிள்ளைகளின் பெயர், எமிஸ் எண் (அரசுப் பதிவில் உள்ள மாணவர் எண்), போட்டோ எதையும் அதில் ஏற்றக்கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

இடைவெளி வாரங்களில் 34 பேரையும் உங்களால் பார்க்க முடியாது. பன்னிரண்டு வகுப்பைப் பார்த்தால் பெரிய விஷயம். தேர்ந்தெடுக்கும்போது நன்றாகச் செய்கிறவர்களைத் தவிருங்கள், துணி போர்த்தியிருந்த பள்ளிகளுக்குப் போங்கள். பார்வைத்தாளில் மூன்று வரி போதும்: திரை எத்தனை நிமிடம் ஓடியது, எத்தனை முறை நிறுத்திக் கேள்வி கேட்டார், பிள்ளைகள் எழுதினார்களா. மற்றவர்களிடம் வாட்ஸ்அப் குழுவில் போட்டோ கேட்காதீர்கள். கேட்டால் போட்டோவுக்காக டிவியைப் போட்டு, எடுத்து அனுப்பிவிட்டு அணைத்துவிடுவார்கள். குழுவில் 34 படம் வரும், வகுப்பில் ஒன்றும் நடந்திருக்காது. அதற்குப் பதிலாக, நடத்திய வகுப்பில் இரண்டு பிள்ளைகளின் நோட்டை, திரையைப் பார்க்கும் முன் எழுதிய விடையும் பின் எழுதிய விளக்கமும் உள்ள பக்கத்தோடு, இரண்டாம் நாளுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இரண்டாம் நாள் காலை முழுக்க அந்த நோட்டுகளைத்தான் படிக்க வேண்டும். புது செயலி எதுவும் வேண்டாம். நோட்டு கொண்டுவராதவர்களிடம் காரணம் மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், எல்லார் முன்னாலும் நிறுத்தாதீர்கள். சாவி கிடைக்கவில்லை, ஸ்விட்ச் போர்டு தூரம், பாடம் பின்தங்கிவிட்டது என்று ஏழெட்டுக் காரணம் சேரும். அவற்றில் உங்களால் தீர்க்க முடிந்ததைப் பிற்பகலிலேயே தீர்த்துவிட்டு, ஒயரிங் போன்றவற்றைப் பள்ளிப் பெயரோடு பட்டியலிட்டு வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுங்கள். பிறகு, அவரவர் இரண்டாவது பாடவேளையைத் திட்டமிடத் தொடங்கலாம்.